கூரைவழி வரும் பகல்: பிரிஸ்டல் மெதடிஸ்ட் ஆலயத்தின் ஒளியமைப்பு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1739ஆம் ஆண்டு, மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லி எழுப்பிய ‘நியூ ரூம்’, உலகின் மெதடிஸ்ட் கட்டடங்களிலேயே மிகப் பழையது. 1748இல் விரிவாக்கப்பட்ட இந்த ஆலயம் வெளிச்சத்துக்குத் தெருவைக் காட்டிலும் கூரையையே பெரிதும் நம்பியிருக்கிறது. மெதடிஸ்ட் பிரசங்கிகளைக் கும்பல்கள் தாக்கிய அக்காலத்தில் அது பாதுகாப்பான ஏற்பாடும்கூட.

கூடத்தின் நடுவே, கூரையைத் துளைத்துக்கொண்டு எண்கோணச் சாளரக் கூண்டு ஒன்று எழுகிறது. நெருக்கமான தெருவில் பக்கச் சுவரில் வைக்கும் சன்னலுக்கு எதிர்க்கட்டடம் மறைத்ததுபோக வானத்தின் சிறு துண்டே கிடைக்கும். கூரைக்கு மேலே நிற்கும் கூண்டுக்கு அந்த மறைப்பு மிகக் குறைவு. மேல்மாடியில் பிரசங்கிகள் தங்கிய அறைகளும் இக்கூண்டைச் சூழ்ந்தே அமைந்துள்ளன.

ஆனால் கூண்டில் நுழையும் ஒளியில் பெரும்பகுதி நேராகக் கீழே இறங்குவதில்லை. வெளிறிய சுவர்களில் பட்டுப் பட்டுத்தான் சபையாரை வந்தடைகிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்பதால், மூன்று முறை எதிரொளித்த பின்னும் பாதி எஞ்சும். புகையும் தூசியும் படிந்து அது 50 விழுக்காடாகக் குறைந்தாலோ, மூன்றாவது எதிரொளிப்புக்குப் பின் எஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான். ஆகவே இங்கே சுவர்ப்பூச்சை வெறும் அலங்காரமாகக் கருதுவது தவறு. கண்ணாடியைப் போலவே அதுவும் ஒளியமைப்பின் உறுப்பு.

1808இல் கைமாறிய ஆலயம் 1929இல் மெதடிஸ்டுகளிடம் திரும்பியது. அடுத்த ஆண்டு கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஓட்லி அதைச் சீரமைத்தார்.

இத்தகைய கட்டடங்களுக்கு முதல் பகை ஈரம். கூட்டத்தின் மூச்சிலுள்ள நீராவி வெதுவெதுப்பான காற்றோடு மேலேறி, குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளிகளாகப் படிந்து, மரச்சட்டங்களுக்குள் இறங்கும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை அதை உளுத்துப்போகச் செய்யும் என்பதால், கூண்டின் உச்சியில் காற்று வெளியேற வழி இருப்பது அவசியம். சுவருக்கும் இதே நியதிதான்: சுண்ணாம்புக் காரை உள்ளே புகுந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும், அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் அடைபட்டு, உப்புகள் படிகமாகி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.