பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே வாருங்கள்

மறுபடியும் ஒரு தாய். 37ஆவது வாரம், முதல் பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து பிள்ளையின் அசைவு குறைந்திருக்கிறது. வீட்டில் சொல்லியும் இருக்கிறார். "கடைசி மாதத்தில் அப்படித்தான் பிள்ளை, உள்ளே இடம் காணாது" என்று மாமியார் சொல்ல, பக்கத்து வீட்டு அக்காவும் தலையாட்ட, ஞாயிறு காலையில்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார். உடனே ஒப்பரேஷன் செய்தோம். பிள்ளை உயிரோடு இருக்கிறது. ஆனால் மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போன அடையாளங்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. வெளியே நின்ற தகப்பன் கேட்டார்: "ஏன் டொக்டர் முன்னமே வெட்டி எடுக்கவில்லை?"

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மாமியார் மீதும் இல்லை. அவருக்கு அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்தது அது. கோபமெல்லாம் அந்த நம்பிக்கை மீதுதான். கொட்டாஞ்சேனையில் கேட்டாலும் வெள்ளவத்தையில் கேட்டாலும் அதே வசனம். வங்கியில் வேலை செய்யும் பெண்ணும் சொல்கிறார், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் சொல்கிறார்.

தயவுசெய்து இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். கடைசி மாதத்தில் பிள்ளையின் அசைவு குறையாது. சுமார் 32 வாரம் வரை அசைவுகள் கூடிக்கொண்டு வந்து, பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். மாறுவது அசைவின் விதம் மட்டும்தான். முன்பு துள்ளி உதைத்த பிள்ளை இப்போது உருண்டு, நெளிந்து, முழங்கையால் தள்ளும். வலி தொடங்கும் நாளிலும் அசையும். பிள்ளைக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைந்தால் அது தன் சக்தியை மிச்சம் பிடிக்க அசைவைத்தான் முதலில் குறைக்கும். வெளியே இருக்கும் எங்களுக்கு அது அனுப்பக்கூடிய ஒரே செய்தி அதுதான். அதைப் போய் "பிறக்கத் தயாராகிறது" என்று வாசிக்கிறோம்.

அடுத்தது, குளிர்ச்சியாக நெல்லிக்கிரஷ் குடித்துப் பார்ப்பது, இனிப்புச் சாப்பிட்டுப் பார்ப்பது. ஒரு உதை வந்தவுடன் நிம்மதியாகப் படுத்துவிடுவது. ஒரு உதை போதாது. ஒன்லைனில் வாங்கிய கருவியை வயிற்றில் வைத்து "டிக் டிக்" கேட்டு நிம்மதி அடைவது அதைவிட ஆபத்து. களைத்துப்போன பிள்ளைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். துடிப்பின் போக்கை வாசிப்பது வேறு வேலை, அதற்குத்தான் வைத்தியசாலையில் எடுக்கும் சிடிஜி என்ற துடிப்புப் பதிவு.

28 வாரத்திலிருந்து உங்கள் பிள்ளையின் பழக்கத்தைக் கவனியுங்கள். எப்போது அதிகம் அசைகிறது, எப்போது தூங்குகிறது என்று. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் சரிந்து படுத்து, போனையும் டிவியையும் தள்ளி வைத்துவிட்டு, 2 மணித்தியாலம் அசைவை மட்டும் கவனியுங்கள். 10 அசைவு வரவில்லையா, வாருங்கள். வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்று மனம் சொன்னால் எண்ணிக்கொண்டிருக்காமலும் வாருங்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். இரவு 2 மணி என்றாலும் பிரசவ அறை திறந்துதான் இருக்கும். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் எங்களுக்கு எரிச்சல் வராது. எரிச்சல் வந்தாலும் அது உங்கள் கவலை இல்லை.

மொழி ஒரு தடை என்பதை நன்றாக அறிவேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த பிள்ளைகள் வார்டில் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் பேசாமல் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். தமிழிலேயே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நடுச்சாமத்தில் உரிமையைவிட வேகம் முக்கியம். "பபா தங்கலனவா அடுய்" (பிள்ளை அசைவது குறைவு) என்று சிங்களத்தில் சொன்னால் எந்தத் தாதிக்கும் புரியும். அதைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொன்ன பிறகு? அங்கேதான் எங்கள் பக்கத்துக் கடமை தொடங்குகிறது. அசைவு குறைவு என்று ஒரு தாய் சொன்னால் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும், சிடிஜி எடுக்க வேண்டும், சொன்ன நேரத்தையும் பார்த்ததையும் எழுத வேண்டும். தேவையென்றால் விஓஜிக்கு, அதாவது மகப்பேற்று விசேட வைத்தியருக்கு, தெரிவிக்க வேண்டும். வேறொரு இடத்தில் இரவு முழுவதும் "பிள்ளை அசையவில்லை" என்று சொன்ன தாய்க்கு "பேசாமல் படுங்கோ அம்மா" என்று மட்டும் பதில் கிடைத்திருக்கிறது. காலைவரை யாரும் வயிற்றில் கை வைக்கவில்லை. இதற்குப் பெயர் கவனக்குறைவு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, நான் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் கெட்டது நடந்த எல்லா இடத்திலும் கவனக்குறைவு இருக்கிறது என்பதும் சரியல்ல. மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைப்படும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் பாதிக்கப்பட்டவர்கள் சிறுபான்மையே. குறைமாதப் பிறப்பு, வயிற்றுக்குள் வந்த தொற்று, வளர்ச்சிக் குறைவு, மரபணு என்று பெரும்பாலான காரணங்கள் வலி தொடங்குவதற்கு முன்பே இருப்பவை. சட்டமும் இதைத்தான் கேட்கும். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்களா என்பது ஒரு கேள்வி. அதனால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்று காட்ட வேண்டும். மூளைக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் வழக்கில் 2001இல் எங்கள் உயர் நீதிமன்றம் கவனக்குறைவை ஏற்றுக்கொண்டும், மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் நட்டஈட்டை மறுத்தது. ஆத்திரத்தோடு வழக்கறிஞரிடம் ஓடும் குடும்பங்களுக்கு இதை முதலே சொல்லிவிடுகிறேன்.

பிரித்தானியாவில் 2015இல் தீர்ப்பான மொன்ட்கொமரி வழக்கு எங்கள் பெண்களுக்கு மிக நெருக்கமானது. தாய்க்கு நீரிழிவு, உடலும் சிறியது, பிள்ளை பெரியது. தலை வந்த பிறகு தோள் உள்ளே சிக்கும் ஆபத்து 9-10 சதவீதம் என்று வைத்தியருக்குத் தெரியும். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று சொல்லவில்லை. தோள் சிக்கியது, பிள்ளை பாதிக்கப்பட்டது. சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சீனி வருத்தம் நம்மிடையே எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும் குளுக்கோஸ் பரிசோதனைக்கு முதல் நாள் சோற்றைக் குறைத்து "நல்ல ரிசல்ட்" எடுத்து வருகிறார்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்? 24 முதல் 28 வாரத்துக்குள் அந்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். சீனி இருந்தால் "பிள்ளையின் நிறை எவ்வளவு வரும், தோள் சிக்க வாய்ப்பு உண்டா, எனக்கு எது பொருத்தம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கானில் காட்டும் நிறை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

தோள் சிக்கினால் தாயின் முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கி, அடிவயிற்றில் அளவாக அழுத்துவார்கள். அது சரியான முறை. மேல்வயிற்றில் ஏறி அமுக்குவது எந்தக் காலத்திலும் சரியில்லை. சிக்கிய தோளை அது இன்னும் இறுக்கும். சாதாரணப் பிரசவத்திலும் உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைக்கவில்லை. தோள் சிக்கிப் பிறந்த பிள்ளையின் ஒரு கை அசையாமல் தொங்கினால் எண்ணெய் போட்டு இழுத்து நீவ வேண்டாம். பெரும்பாலானவை சில மாதங்களில் சுகமாகும், ஆனால் பயிற்சியும் கண்காணிப்பும் தொடக்கத்திலிருந்தே வேண்டும். 3 மாதத்திலும் முழங்கை மடியவில்லை என்றால் சிறப்பு வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

நல்ல நேரம் பார்த்து சிசேரியன் கேட்பவர்களுக்கு: 39 வாரம் முடியட்டும். அதற்குள் நட்சத்திரத்துக்காக எடுத்த பிள்ளைகள் மூச்சு வாங்க முடியாமல் திணறுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் தாய்மாரிடம் எந்தச் சோதிடரும் வந்து பேசுவதில்லை.

ஏதோ தவறு நடந்தது என்று தோன்றினால் வார்டில் சண்டை போடாதீர்கள். எப்போது சொன்னோம், யாரிடம் சொன்னோம், என்ன பதில் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். கிளினிக் அட்டை, ஸ்கான், டயக்னோசிஸ் கார்ட் ஒன்றையும் தொலைக்காதீர்கள். வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அரச வைத்தியசாலை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பதிவுகளைக் கேட்கலாம். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவச் சபைக்குப் போகும். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 2 வருடம்தான் கால எல்லை. பிள்ளைக்கு 3 வயதாகி, நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு வருபவர்கள் அதிகம். சந்தேகம் இருந்தால் முதல் சில மாதங்களிலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதுவரை பிள்ளையின் பயிற்சியை மட்டும் ஒரு வாரம்கூட நிறுத்தி வைக்காதீர்கள்.