எஃப்4 ஆடுகிறவர்கள் எச்4-ஐப் பார்க்க வேண்டும்

என்னிடம் செஸ் கற்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், தன் முதல் போட்டியின் ஸ்கோர் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆறே மூவ். அதற்குக் கீழே தாள் முழுக்க வெறுமை.

வெள்ளையில் எஃப்4 ஆடியிருக்கிறார், அதாவது முதல் மூவில் எஃப் வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருக்கிறார். கறுப்பு இ5. அந்தச் சிப்பாயை வெட்டினார். கறுப்பு டி6 தள்ள, அதையும் வெட்டினார். கறுப்பு பிஷப் டி6-இல் வெட்டி உட்கார்ந்தது. ஒரு சிப்பாய் லாபம் என்ற நிம்மதியில் குதிரையை சி3-க்கு எடுத்தார். ராணி எச்4-க்கு வந்து செக். ஜி3 தள்ளி மறைத்தார். ராணி அந்தச் சிப்பாயையே வெட்டியது. எச் சிப்பாயால் ராணியை வெட்டுவதைத் தவிர வழியில்லை. பிஷப் ஜி3-இல் வெட்டி மேட்.

"குதிரையை வெளியே எடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார். உண்மைதான். எந்தக் குதிரையை என்று நான் சொல்லித் தரவில்லை. இப்போது முதல் வகுப்பிலேயே சொல்கிறேன்.

எஃப்4 ஒரு பக்கவாட்டு ஓப்பனிங். அப்படியென்றால் நடுக்கட்டங்களை ஓரத்திலிருந்து பிடிப்பது. சி4 டி5-ஐப் பிடிக்கிறது, எஃப்4 இ5-ஐப் பிடிக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆனால் ராஜா நிற்பது இ1-இல். சி சிப்பாய் நகர்ந்தால் ராஜாவுக்கு ஒன்றும் ஆகாது. எஃப் சிப்பாய் நகர்ந்தால் எச்4, ஜி3, எஃப்2, இ1 என்று நேராகப் பாதை திறக்கிறது. அதனால்தான் புதியவர்களுக்கு நான் சி4-ஐத்தான் முதலில் தருகிறேன்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதில் அடி வாங்கியிருக்கிறார்கள். 1970-இல் பெல்கிரேடில் அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கிக்கு எதிராக டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர் லார்சன் பி3-இல் தொடங்கினார். பத்தாவது மூவில் எஃப்4 தள்ளினார். ஸ்பாஸ்கி ஒரு யானையைக் கொடுத்தார். அப்புறம் ராணி அதே எச்4-க்கு வந்து செக் வைத்தது. பதினேழாவது மூவில் ஆட்டம் முடிந்தது.

எஃப்4 ஆட ஆசையாக இருந்தால் தாராளமாக ஆடுங்கள். கறுப்பு மேலே சொன்னபடி ஆடினால், நான்காவது மூவில் மட்டும் எஃப்3-க்குக் குதிரை வரட்டும். அது எச்4-ஐக் காக்கும். கறுப்பு பெரும்பாலும் ஜி5 தள்ளும். அடுத்து ஜி4 வந்து அதே குதிரையை விரட்டும். அப்போது குதிரை எங்கே போகும் என்பதை வீட்டில் போர்டில் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு, அப்புறம் போட்டிக்குப் போங்கள்.