தீ மலையேறும்போது ஊர் எந்தப் பக்கம் போவது?

கோடையில் மலை எரிந்தால் மேலே குடியிருப்பவர்கள் எந்தப் பக்கம் தப்பிப்பது என்று மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மேட்டை நோக்கி ஓடக் கூடாது. ஓடைப் பள்ளத்துக்குள் நுழையவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மதுரை மறந்திருக்காது. தீக்காயம் பட்டவர்களில் பலர் இங்குள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள்.

எரியும் தீக்குச்சியின் தலையைக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். சுவாலை குச்சி வழியே விறுவிறுவென்று விரலுக்கு ஏறிவிடும். சரிவிலும் இதுதான் நடக்கிறது. மேலே நிற்கும் புல் சுவாலைக்கு நெருக்கமாக இருப்பதால், தீ வந்து சேருமுன்பே ஈரமெல்லாம் வற்றிப் பற்றிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் கைக்கணக்கு.

ஓடைப் பள்ளம் இன்னும் கொடியது. எரியும் தீ சுற்றியுள்ள காற்றை இழுக்கும். செங்குத்தான பள்ளத்திலோ இருபுறமும் கரை மறிக்கிறது, மேட்டுப் பக்கம் தரை மறிக்கிறது. கீழிருந்து மட்டுமே காற்று பாய்வதால் சுவாலை எழும்ப முடியாமல் தரையோடு படுத்து, மேல்நோக்கிச் சீறுகிறது. இது தெளிவானது காட்டில் அல்ல, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில். 1987 நவம்பர் 18 அன்று அங்கே 30 டிகிரி சாய்விலிருந்த மர எஸ்கலேட்டர் எரிந்து 31 பேர் இறந்தார்கள். சுவாலை படிக்கட்டோடு படுத்து ஏறியது என்று கணினிக் கணக்கு காட்டியபோது நிபுணர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து கொளுத்தினார்கள். சுவாலை அப்படியே படுத்தது! அடிப்படை ஆய்வுக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பகலில் வெயில் ஏற ஏறச் சரிவுக் காற்றும் மேல்நோக்கி வீசும். ஆகவே கீழ்ச்சரிவில் புகை தெரிந்த உடனேயே, முதியவர்களையும் குழந்தைகளையும் முன்னே அனுப்பி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி இறங்க வேண்டும். எரிந்து ஆறிய கரிநிலமும் உழுதுபோட்ட புஞ்சையும் ஒதுங்க நல்ல இடங்கள். வறண்ட கண்மாய் வெட்டவெளியாக இருந்தால் சரி. சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதுவே விறகுக் காடு.

புதுப்புல் துளிர்க்கும் என்று மலைக்குத் தீ வைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். தீயைக் காட்டும் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறையே தலைக்கு மேல் கடக்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் கண்ணாக இருப்பவர்கள் தீத்தடுப்புக் காவலர்கள். கோடைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தாமல், அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுங்கள்.