கதவுச் சத்தத்தைக் கேட்டு எஸ்யூவி வாங்காதீர்கள்

மறுபடியும் ஒருவர் வந்து நின்றார். ஐந்து வயசான ஜெர்மன் சொகுசு எஸ்யூவி, 22 அங்குலச் சக்கரம், உள்ளே பளபளவென்று பழுப்புத் தோல் இருக்கை. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் வண்டி விக்கி விக்கிப் போகிறது, "பெரிசா ஒண்ணும் இருக்காதில்லண்ணா?" என்று கேட்கிறார். லிஃப்டில் ஏற்றவே தேவைப்படவில்லை. முன்னால் இரண்டு டயரும் புத்தம் புதுசு, பின்னால் இரண்டும் வேறு கம்பெனி, தேய்ந்து கிடக்கின்றன. கேஜ் வைத்து டயர் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தால் முன்னால் 9/32 அங்குலம், பின்னால் 4/32. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் இப்படி மாட்டி ஓட்டினால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்றவர் போட்டோவுக்காக இரண்டு டயர் மாற்றியிருக்கிறார், இவர் போட்டோவைப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

டெட்ராய்ட் பக்கம் வண்டி பழுது பார்க்கிறவன் நான். பழைய வண்டி வாங்கும் முன் பார்த்துச் சொல்வதும் என் வேலைதான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் தாலி கட்டிய பிறகுதான் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏன் இந்த வண்டி என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "கேடிலாக், லிங்கன்னு அமெரிக்க வண்டியும் பார்த்தோம், ஆனா ஜெர்மன் வண்டி கதவைச் சாத்தும்போதே தெரியுதுண்ணா, அந்த குவாலிட்டி." இதைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

முதலில் இந்தக் கதவு விஷயத்தை முடித்துவிடுகிறேன். கதவு 'டப்' என்று கனமாகச் சாத்துவது தானாக அமைவதில்லை. ரப்பர் சீல் எத்தனை வரிசை, பூட்டு எப்படிக் கவ்வ வேண்டும், தகட்டின் உட்புறம் எந்த இடத்தில் அதிர்வைக் குறைக்கும் பட்டை ஒட்ட வேண்டும் என்று அந்தச் சத்தத்துக்காகவே மண்டையை உடைத்துக்கொள்ளும் என்ஜினீயர்கள் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள், இங்கே டெட்ராய்ட்டிலும் இருக்கிறார்கள். ஷோரூமில் நீங்கள் முதலில் தொடுவது கதவைத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கதவைப் பற்றி மட்டும்தான் சொல்லும், வாட்டர் பம்ப்பைப் பற்றியோ வால்வ் சீலைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. எஞ்சின் ஆயில் குடிக்கிற எத்தனையோ வண்டிகளின் கதவு இன்றைக்கும் அழகாகத்தான் சாத்துகிறது.

அடுத்தது 'ஜெர்மனியில செஞ்சது'. இல்லை. அமெரிக்காவில் நீங்கள் வாங்கும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் செய்தது, 1999இல் முதல் எக்ஸ்5 வந்ததிலிருந்தே அப்படித்தான். உற்பத்தி எண்ணிக்கையில் பிஎம்டபிள்யூவுக்கு உலகத்திலேயே பெரிய தொழிற்சாலை அதுதான், ஜெர்மனியில் இல்லை. மெர்சிடிஸ் ஜிஎல்இயும் ஜிஎல்எஸ்ஸும் அலபாமாவில் டஸ்கலூசா பக்கத்தில் தயாராகின்றன. ஆடி க்யூ5 மெக்சிகோவிலிருந்தும் க்யூ7 ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவிலிருந்தும் வருகின்றன. அந்தப் பக்கம், அமெரிக்கப் பெயர் தாங்கிய லிங்கன் நாட்டிலஸ் 2024 மாடலிலிருந்து சீனாவின் ஹாங்ஜோவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. நம்பாவிட்டால் விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கும் 17 இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள், எக்ஸ்5இல் 5இல் தொடங்கும், ஜிஎல்இயில் 4இல் தொடங்கும், இரண்டுமே அமெரிக்கா. (ஆடிக்கு இந்தக் கணக்கு உதவாது, மெக்சிகோவில் செய்த க்யூ5வுக்கும் டபிள்யூவில்தான் எண் தொடங்கும். புது வண்டி என்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைத்தாளிலேயே கடைசியாகப் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கிய ஊர் அச்சடித்திருக்கும், படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.)

அந்த வண்டிகள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பார்ட்டன்பர்க்கில் பூட்டும் வண்டி நல்ல வண்டிதான். நாட்டின் பெயரைச் சொல்லித் தரத்தை முடிவு செய்கிறீர்களே, அதுதான் கோபம். இன்னொன்றும் சொல்கிறேன். 2011இல் வந்த ஜீப் கிராண்ட் செரோக்கி இருக்கிறதே, அதன் அடித்தளம் டைம்லரும் கிரைஸ்லரும் ஒரே கம்பெனியாக இருந்த காலத்தில் உருவானது, மெர்சிடிஸ் எம்எல்லுக்கும் அதற்கும் அடியில் நெருங்கிய சொந்தம். அந்த ஜீப்பை 'அமெரிக்க டப்பா' என்று திட்டிவிட்டு மெர்சிடிஸை மெச்சுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, ஓட்டும் சுகத்துக்கு வருவோம். இதில் ஜெர்மன் வண்டிகள் முன்னால் நிற்கின்றன என்பதை நான் மறுக்கவே மாட்டேன். எக்ஸ்5ஐ ஹைவேயில் இருந்து இறங்கும் வளைவில் கொஞ்சம் வேகமாக விட்டுப் பாருங்கள், வண்டியின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே அமைதியாக நிற்கும், ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பிரேக் மிதித்தால் முதல் அங்குலத்திலிருந்தே சீராகக் கடிக்கும். 130 கிலோமீட்டருக்கு மேல் சட்டப்படியே போகக்கூடிய சாலைகள் சொந்த ஊரில் இருப்பவர்கள் வடிவமைத்த வண்டி வேறு எப்படி இருக்கும்? அமெரிக்க வண்டி வேறு ஊருக்காகப் பிறந்தது. நேரான இன்டர்ஸ்டேட், ஒரே மூச்சில் 500 மைல், பின்னால் படகு, மூன்றாவது வரிசையில் மாமியார். அந்த வேலையில் கேடிலாக் எஸ்கலேடையோ லிங்கன் நேவிகேட்டரையோ குறை சொல்ல எனக்கு மனசு வராது. சியாட்டிலில் இருந்தாலும் டல்லாஸில் இருந்தாலும் உங்கள் வாழ்க்கை எந்தச் சாலையில் போகிறது என்று பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஆபீஸ் போய்வரும் நெரிசலில் வளைவு எங்கே இருக்கிறது?

ஆனால் ஒப்பிடும்போது ஒழுங்காக ஒப்பிடுங்கள். காலையில் எக்ஸ்5 ஓட்டிவிட்டு மத்தியானம் எஸ்கலேட் ஓட்டி, "அமெரிக்க வண்டி ஆடுதுண்ணா" என்பவர்களுக்கு என்ன சொல்ல? எக்ஸ்5 உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது, எஸ்கலேட் டிரக் அடிச்சட்டத்தின் மேல் உடம்பை வைத்துப் போல்ட் போட்டது. பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு வரும் அந்த இரண்டாவது நடுக்கம் அங்கிருந்து வருகிறது. 2021 மாடலில் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்த பிறகு எஸ்கலேட் எவ்வளவோ தேவலை, இருந்தாலும் அதை நிறுத்த வேண்டிய இடம் மெர்சிடிஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 பக்கத்தில். எக்ஸ்5க்கு நேர் எதிரே லிங்கன் ஏவியேட்டரை வையுங்கள், பின்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்ட வண்டி, வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது. கேடிலாக் எக்ஸ்டி6ஐ அங்கே வைக்காதீர்கள், அது முன்சக்கர இழுவை அடித்தளம், குணமே வேறு. தொழில்நுட்பத்திலும் எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். காந்தத்தால் நொடிக்குள் இறுகித் தளரும் ஷாக் அப்சார்பர் 2002இல் முதலில் வந்தது கேடிலாக் செவில் காரில். அதன் பிறகு ஃபெராரியும் போட்டது, ஆடியும் போட்டது.

வண்டி 'கெட்டியாக' இருக்கிறது என்று டெஸ்ட் டிரைவில் தோன்றுவதில் பாதி டயர். பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், மேலே 21, 22 அங்குல ரிம் என்றால் ரப்பரே கொஞ்சம்தான். டீலர் உங்களை அழைத்துப்போகும் வழவழ சாலையில் அது 'ஸ்போர்ட்டி'. மிச்சிகனில் மார்ச் மாதம் பனி உருகி ரோடு பெயர்ந்து கிடக்கும்போது அதே டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கிக்கொண்டு என்னிடம் வரும், கூடவே வளைந்த ரிம். தயவுசெய்து சின்னச் சக்கரம் வாங்குங்கள். 19 அங்குலத்தில் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

நீடித்து உழைப்பதைப் பற்றி. வண்டி வைத்திருப்பவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தும் ஜேடி பவர் கம்பெனியின் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், எந்தப் பட்டியல் என்று அவர்களுக்கே தெரியாது. ஒன்று, வாங்கிய முதல் 90 நாளில் வந்த புகார்களை எண்ணுவது, அதில் திரை மெனு புரியவில்லை என்பதும் ஒரு புகார்தான். இன்னொன்று மூன்று வருடம் ஓடிய வண்டியைக் கேட்பது. நீங்கள் வாங்குவது ஐந்து வருட வண்டி, வைத்திருக்கப் போவது பத்தாவது வருடம் வரை. இரண்டு பட்டியலும் அந்தக் காலத்தைத் தொடுவதே இல்லை. பிராண்டைப் பார்க்காதீர்கள், பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சினைப் பாருங்கள். ஒரே எக்ஸ்5இல் ஆறு சிலிண்டர் பி58 வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார். என்63 என்ற வி8, அதுவும் ஆரம்ப காலத்தது, ஆயில் குடிப்பதற்கே பேர்போனது, கோர்ட் வரை போன விவகாரம். டர்போவை இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் வைத்த சூடு, வேறென்ன. அதே சமயம் அமெரிக்க வி8 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற காலமும் போய்விட்டது. கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜிஎம்மின் 6.2 லிட்டர் எல்87, எஸ்கலேடில் இருப்பது, 2021 முதல் 2024 வரையிலான மாடல்களுக்கு 2025 ஏப்ரலில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள், கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் கோளாறு. பரிசோதனையில் தேறிய எஞ்சினுக்கு மெல்லிய 0டபிள்யூ-20க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றி, மூடியையும் மாற்றிக் கொடுக்கிறார்கள். அதனால் அந்த வண்டி பார்க்கப் போனால் முதலில் ஆயில் மூடியைப் பாருங்கள், இன்னும் 20 என்று எழுதியிருந்தால் அந்த வேலை நடந்ததா என்று கேட்காமல் நகராதீர்கள். ஜெர்மன்காரர்களும் சும்மா இல்லை, பிரேக் பாகம் ஒன்றுக்காக பிஎம்டபிள்யூவுக்கு 2024இல் உலகம் முழுக்க சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கவோ டெலிவரியை நிறுத்தவோ வேண்டியிருந்தது. அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால், திரும்பப் பெறும் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், இலவசம். செய்கிறீர்களா? இல்லை.

இரு தரப்புக்கும் சாதாரண வாரண்டி 4 வருடம் அல்லது 50,000 மைல். கேடிலாக்கும் லிங்கனும் எஞ்சின், கியர்பாக்ஸுக்கு மட்டும் 6 வருடம், 70,000 மைல் தருகிறார்கள், பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. லீஸ் முடிந்து வரும் ஜெர்மன் வண்டி விலை சல்லிசாகத் தெரிவதற்குக் காரணம், அடுத்து வரும் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது என்பதுதான். பிளாஸ்டிக் கூலன்ட் குழாய், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், ஏர் சஸ்பென்ஷன் பை, ஒவ்வொன்றாக வரிசை கட்டி வரும். பாகமும் விலை, வேலைக் கூலியும் விலை. வண்டியின் புது விலை 80,000 டாலர் என்றால் பழுதுச் செலவும் 80,000 டாலர் வண்டியின் செலவுதான், நீங்கள் 30,000க்கு வாங்கியது பாகங்களுக்குத் தெரியாது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், நானும் அந்த வண்டிகளை ஓட்டி ரசிக்கிறவன்தான். ஆயிலை 10,000 மைல் வரை விடாதீர்கள், கம்பெனி சொன்னாலும் விடாதீர்கள், 5,000க்கும் 7,500க்கும் நடுவில் மாற்றுங்கள். பாதி வண்டிகளில் ஆயில் குச்சியே கிடையாது, திரையில்தான் அளவு பார்க்க வேண்டும், அந்த மெனு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள். கடையில் மலிவாகக் கிடைத்த ஆயில் வேண்டாம், புத்தகத்தில் எழுதியிருக்கும் அப்ரூவல் எண் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் 'ஆயுளுக்கும் போதும்' என்று டீலர் சொல்வார், பிஎம்டபிள்யூவுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் கம்பெனியே 80,000லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது, நான் யார் பேச்சைக் கேட்பேன்? டயர் மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். (முன்னும் பின்னும் வேறு அகலத்தில் கம்பெனியே மாட்டித் தரும் மாடல்கள் உண்டு, அது வேறு கதை.) டீலரிடம் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தினால் பயப்படாதீர்கள், 1975லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது, ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், டெஸ்ட் டிரைவை நீங்கள் தேர்ந்தெடுத்த சாலையில் செய்யுங்கள். மோசமான ரோடு, கான்கிரீட் இணைப்பு தடதடக்கும் ஹைவே, வாகனம் குறைவான பார்க்கிங், அங்கே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு சுற்று. பாட்டை நிறுத்துங்கள். வண்டி சூடாக இருக்கும்போது வந்து பார்க்காதீர்கள், காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் நின்று புகையைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஏதாவது ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் சாவியை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என்னிடம் வருவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு லிஃப்ட் காலியாக இருக்காது. செவ்வாய், புதன் காலை என்றால் போன் போட்டுவிட்டு வாருங்கள், வண்டியின் எஞ்சின் ஆறி இருக்கட்டும்.