பத்து மீட்டருக்கு எதற்குப் பதினாறு மடங்கு ஸ்கோப்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தகப்பனார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை நாகர்கோவிலில் நான் பயிற்சி தரும் இடத்துக்கு அழைத்து வந்தார். வளைகுடாவில் வேலை, ஒரு மாத விடுப்பு. ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள், 16 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், மடக்குக் கால் பைபாட் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கியிருந்தார். மகள் பத்து மீட்டர் போட்டியில் சுட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஸ்கோப் வழியாகக் குறி அட்டையைப் பார்த்தேன். கலங்கிய கறுப்புத் திட்டு ஒன்றுதான் தெரிந்தது. "பிள்ளைக்குக் கண்ணில் குறை இருக்குமோ சார்?" என்று அவர் கேட்டபோது குரலில் பயம் இருந்தது. எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் படித்தாள்.

குறை அந்தப் பொருளில்தான். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் பல, 100 கெஜ தூரத்துக்கென்று சரிசெய்யப்பட்டு வருபவை. பத்து மீட்டரில் அவை தெளிவாகக் காட்டாது. பெரிதாக்கப் பெரிதாக்கக் கலக்கமும் கூடும். கண் சற்று நகர்ந்தாலே ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு குறியின் மேல் நகர்வதுபோல் காட்டும் பேரலாக்ஸ் என்ற தொல்லையும் சேர்ந்துகொள்ளும். வாங்குமுன் கடையிலேயே சோதிக்கலாம். ரைஃபிளை அசையாமல் பையில் கிடத்தி, கையை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் இடம் வலமாக நகர்த்துங்கள். குறுக்குக் கோடு குறியின் மேல் நகர்ந்தால் அந்த ஸ்கோப் பத்து மீட்டருக்கு ஆகாது. இன்னொன்று: ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். இந்த இரட்டை அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும்.

ஆனால் இதையெல்லாம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை எந்தப் பிரிவில் சுடப்போகிறாள்? பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. நின்றுதான் சுட வேண்டும், ஆகவே பைபாட்டுக்கும் இடமில்லை. கைகளால் ரைஃபிளின் எடையைத் தாங்க முடியாத மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு மட்டும், பாரா போட்டிகளின் எஸ்.எச்.2 பிரிவில் தாங்கி உண்டு. நம் நாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட் (பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை வைத்துக் குறிபார்ப்பது), பீப் சைட் (துளை வழியாகக் குறிபார்ப்பது) என்று தனித்தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போனால் போதும்.

பீப் சைட்டில் கண்ணாடி வில்லை எதுவும் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். துளை சிறியதாக இருப்பதால் அருகிலுள்ள வளையமும் தொலைவிலுள்ள குறியும் ஓரளவு ஒன்றாகவே தெளிகின்றன. குறியின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளை விளிம்பு தாராளமாகத் தெரிய வேண்டும். துல்லியம் கூடும் என்று நினைத்து மிகச் சிறிய வளையத்தைப் போட்டால், பிள்ளை அந்த விளிம்பைத் தேடித் தேடியே மூச்சை இழந்துவிடுவாள். "மக்களே, கண் எங்கே நிற்கிறது?" என்று நான் ஓயாமல் கேட்பேன். வளையத்தில் என்று பதில் வர வேண்டும்.

தாங்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரைஃபிளையும் சைட்டையும் சோதிக்க மணல் பை அவசியம். ஸ்பிரிங் ரைஃபிளை மேசை விளிம்பிலோ பைபாட்டிலோ வைத்துச் சுட்டால் துள்ளி, குண்டு வேறிடம் போகும். பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதில் ரைஃபிளை இறுக்காமல் கிடத்த வேண்டும். ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து, சைட் சரியானதும் பையை எடுத்துவிடுங்கள். பையிலேயே பழகிய பிள்ளைக்கு நிற்க வராது.

பைக்குக் கடற்கரை மணலை அள்ளி வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் கனமாக இருக்கிறதே என்று ஆசைப்படவே கூடாது. அதில் தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருக்கிறது, வீட்டில் மூட்டை கட்டி வைக்கும் பொருள் அன்று. பழைய ஜீன்ஸ் காலை இரட்டைத் தையல் போட்டு, கழுவி உலர்த்திய எம்-சாண்டை நிரப்பினால் போதும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மூடிய பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பையைப் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள்.

அந்தப் பெண் இப்போது பயிற்சிக் கூடத்து பீப் சைட் ரைஃபிளில் நின்று சுடுகிறாள். முதல் நாள் பத்தில் மூன்று அட்டையிலேயே படவில்லை. சென்ற வாரம் பத்தும் கறுப்புக்குள் விழுந்தன. இனி முன் வளையத்தை ஓர் அளவு மாற்றிப் பார்க்கப் போகிறோம்.