கையில் டாலர் இல்லாமல் துணி வாங்கிய கதை

"வெளிநாட்டு கம்பெனி வருகிறது, லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளூருக்கு என்னதான் மிஞ்சுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேலைவாய்ப்பு, வரி, அந்நியச் செலாவணி என்ற பதில்கள் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை வங்கதேசத்தின் சட்டைத் தொழிலில் இருக்கிறது.

எந்த நாடு எவ்வளவு துணிமணியை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பலாம் என்று 1974-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் கோட்டா வைத்தது. தென் கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு இது பெரிய முட்டுக்கட்டை. வங்கதேசத்திலோ ஆடை ஏற்றுமதி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை, அதனால் கோட்டா கட்டுப்பாடும் இல்லை. முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் சிட்டகாங்கில் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸுடன் 1970-களின் இறுதியில் டேவூ ஒப்பந்தம் போட்டது. டேவூ பங்குமுதல் எதுவும் போடவில்லை. பயிற்சியும் இயந்திரம் வாங்க உதவியும் விற்பனைத் தொடர்பும் கொடுத்தது. பதிலுக்கு விற்பனையில் 8 சதவீதம் கேட்டது.

தேஷின் 130 பேர் பூசான் நகரிலுள்ள டேவூ ஆலைக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி எடுத்தார்கள். அங்கே கற்றது வெறும் தையல் அல்ல. காலர் தைப்பவர் ஒரு துண்டுக்கு 40 வினாடி எடுத்து, அதைச் சட்டையோடு இணைப்பவர் 60 வினாடி எடுத்தால், இருவருக்கும் நடுவில் காலர்கள் குவிந்துகொண்டே போகும். எந்த இடத்தில் ஆளைக் கூட்ட வேண்டும், எந்தத் தையலைச் சோதிக்க வேண்டும், கப்பல் தேதிக்குள் எப்படி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைவரும்.

1980-இல் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் 43,000 சட்டைகள். 1987-இல் 23 லட்சம். அதைவிட முக்கியம், அந்த 130 பேரில் 115 பேர் 1980-களிலேயே தேஷை விட்டு விலகியது. சிலர் சொந்த ஆலை தொடங்கினார்கள், மற்றவர்கள் புதிய ஆலைகளில் பொறுப்பேற்றார்கள். 1985-க்குள் நாட்டில் நூற்றுக்கணக்கான ஆலைகள் வந்துவிட்டன. இந்த 115 என்ற எண் நமக்குத் தெரிவதே, யாரோ பொறுமையாகப் பின்தொடர்ந்து கணக்கெடுத்ததால்தான். முதலீட்டு மாநாடுகளில் கோடிகளை அறிவிக்கும் அரசுகள், அந்த ஆலைகளில் சேர்ந்தவர்கள் பத்து ஆண்டு கழித்து எங்கே என்ன செய்கிறார்கள் என்று கண்டறியும் ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். அதிகச் செலவு பிடிக்காத வேலை, ஆனால் செய்வார் இல்லை.

சரி, தொழில் தெரிந்துவிட்டது. துணி வாங்கப் பணம்? நல்ல சட்டைத்துணி கொரியாவிலிருந்து வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். நாட்டிலேயே டாலருக்குத் தட்டுப்பாடு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: 'பேக் டு பேக் எல்.சி.' எல்.சி. என்றால் லெட்டர் ஆஃப் கிரெடிட், வாங்குபவருக்காக வங்கி தரும் உறுதிக் கடிதம். அப்படி ஒன்றின் பலத்தில் இன்னொன்றைத் திறப்பதுதான் பேக் டு பேக்.

அமெரிக்கக் கடைக்காரர் ஒரு லட்சம் டாலருக்குச் சட்டை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வங்கி ஓர் எல்.சி. திறக்கிறது. "இந்தத் தேதிக்குள் சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருகிறேன்" என்ற உறுதிமொழி அது. சிட்டகாங் ஆலைக்காரர் அதைத் தன் வங்கிக்கு எடுத்துப் போகிறார். அதன் பலத்தில் அந்த வங்கி, கொரிய துணி ஆலையின் பெயருக்கு, 70,000 டாலருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது எல்.சி. ஒன்றைத் திறக்கிறது. அதற்கு உடனே பணம் தர வேண்டாம், நான்கு மாதம் தவணை. துணி வருகிறது, சட்டையாகிறது, கப்பல் ஏறுகிறது. ஆவணங்கள் போனதும் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் வருகிறது. துணிக்காரருக்கு உரியதை வங்கி எடுத்து வைத்துக்கொண்டு மீதி 30,000-ஐ ஆலைக்குக் கொடுக்கிறது. கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். துணிக்காக நாட்டின் கையிருப்பிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை!

இதோடு சேர்ந்தது 'பாண்டட் வேர்ஹவுஸ்'. ஏற்றுமதிக்கான துணி சுங்கத்துறையின் கண்காணிப்பில் உள்ள கிடங்குக்கு வரியில்லாமல் வரும். எவ்வளவு வந்தது, எவ்வளவு சட்டையாக வெளியே போனது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

கவனியுங்கள், சட்டை நேரத்துக்குப் போகாவிட்டால் முதல் எல்.சி. வெறும் காகிதம். ஆனால் கொரியருக்குக் கொடுத்த வாக்கை வங்கி காப்பாற்றியே தீர வேண்டும். அதனால் ஆலைக்காரரிடம் எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்பதைவிட, தேதிக்குள் முடிப்பாரா என்பதே பெரிய கேள்வி. பூசானில் பழகிய ஒருவர் ஆலையில் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. நிலமும் நகையும் இல்லாதவருக்குத் திறமையே ஈடாக நின்றது. ஆலைகள் அவ்வளவு வேகமாகப் பெருகியதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பயிற்சி மட்டும் இருந்து இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், அந்த 115 பேரும் நல்ல சம்பளத்துக்கு வேறு நாடு போயிருப்பார்கள்.

எல்லாமே இப்படிப் பரவிவிடவில்லை. தைக்கும் வித்தை பரவிய வேகத்தில் கட்டடப் பாதுகாப்புச் சோதனை பரவவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில், ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியை வளர்ச்சிக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, இந்தச் சாவுகளை வேறு கணக்கில் எழுத முடியாது.

கோட்டா முறை 2005-இல் முற்றிலும் ஒழிந்தபோது இந்தத் தொழில் படுத்துவிடும் என்று பலர் பயந்தார்கள். படுக்கவில்லை. இன்று வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடைகளிலிருந்து வருகிறது. பின்னலாடைக்கு வேண்டிய நூலும் துணியும் பெரும்பாலும் உள்ளூரிலேயே தயாராகின்றன. அதனால் பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் திறக்கப்படும் இரண்டாவது எல்.சி.யில் பல நேரங்களில் இருப்பது கொரிய ஆலையின் பெயர் அல்ல, நாராயண்கஞ்ச் அல்லது காஜிப்பூர் ஆலை ஒன்றின் பெயர்.