சபை நாட்டுதலா, சபை ஊன்றுதலா?

போருக்குப் பின் மீள்குடியேற்றம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் சபை ஊழியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். பேசியவர் வெளிநாட்டுக்காரர். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘சேர்ச் பிளாண்டிங்’. நானும் ஒவ்வொரு முறையும் ‘சபை நாட்டுதல்’ என்று சொல்லிக்கொண்டே போனேன். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு வயதான அம்மா கிட்ட வந்து, “தம்பி, நாட்டுறது எண்டால் கொடிமரம் மாதிரியோ, கச்சான் மாதிரியோ? கச்சானை நாங்கள் ஊண்டுறதெல்லோ?” என்று கேட்டார். கச்சான் என்றால் நிலக்கடலை. அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவுமில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். கிறிஸ்தவர்கள் கூடி வழிபடும் சமூகம் இல்லாத ஊரில், அல்லது இருந்து கலைந்துபோன ஊரில், அப்படி ஒரு சமூகத்தைத் தொடங்கி, அது தன் காலில் நிற்கும்வரை கூட இருப்பதுதான் இந்த வேலை. கட்டடம் கட்டுவது இதில் சேராது. வன்னியில் எத்தனையோ சபைகள் தறப்பாள் கொட்டிலிலும் வீட்டு விறாந்தையிலும் மரநிழலிலும் தொடங்கியவை. ஓலைப்பாயும் ஒரு வேதாகமமும்தான் அவற்றின் முதல் தளபாடம்.

‘சபை’ வடமொழியிலிருந்து வந்த சொல். கூட்டம், கூடும் மண்டபம் என்ற இரண்டும் அதன் பொருள். குறளில் வரும் ‘அவை’யும் இதே கருத்துடையது, தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இப்போது ‘திருஅவை’ என்று எழுதுவது அதனால்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘எக்லேசியா’. ஊர்க் குடிமக்களை வெளியே அழைத்துக் கூட்டிய கூட்டத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. ஆகவே சபை என்பது நல்ல பெயர்ப்புத்தான். நம்மூரில் சபை என்றதும் பிரதேச சபை நினைவுக்கு வந்தாலும் பிழையில்லை, அதுவும் ஊர்க்கூட்டமே. கோயில் வேறு, சபை வேறு. எங்கள் சனம் கட்டடத்தை ‘வேதக்கோயில்’ என்றும் ஆட்களை ‘வேதக்காரர்’ என்றும் சொல்லி இந்த வேறுபாட்டைக் காத்துவந்திருக்கிறது.

சிக்கல் ‘நாட்டுதல்’ என்பதில்தான் இருக்கிறது.

நடுகின்ற உருவகம் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் எழுதியது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்கிறார். சில வசனம் தள்ளி, “நீங்கள் தேவனுடைய பண்ணையும், தேவனுடைய மாளிகையுமாயிருக்கிறீர்கள்” என்று வருகிறது. ஒரே மூச்சில் வயலும் வீடும். தமிழில் இந்த வேலைக்கு இருவகைச் சொற்கள் புழங்குவது இதை ஒத்திருக்கிறது. மாளிகைப் பக்கம் ‘ஸ்தாபித்தல்’, ‘நிறுவுதல்’. பண்ணைப் பக்கம் ‘நடுதல்’, ‘நாட்டுதல்’. ஸ்தாபித்தல் என்றால் நிற்கச் செய்தல். நிறுவுதலும் அதுவே. சங்கத்துக்கோ பாடசாலைக்கோ இவை சரி. உயிருள்ள ஒன்றுக்கு இவை போதா.

மேற்கு மொழிகளுக்கு ‘பிளாண்ட்’ என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘பிளாந்தா’ என்றால் இளங்கன்று. உள்ளங்காலுக்கும் அதே சொல்தான். கன்றை வைத்து மண்ணைக் காலால் அழுத்தி மிதிக்கும் செயலிலிருந்து வினைச்சொல் பிறந்தது என்பார்கள். 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைபரப்புப் பணி பற்றி வெளியிட்ட ஆணையிலும் திருச்சபையை நடுதல் என்ற இந்தச் சொற்றொடர் இருக்கிறது. ஆகவே இது பெந்தெகொஸ்தே சபைகள் மட்டும் கொண்டுவந்த பேச்சு அல்ல.

தமிழில் ‘நடு’வும் ‘நாட்டு’ம் ஒரே வேர். ஆனால் வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. மரம் நாட்டலாம், அதே வாயால் அடிக்கல் நாட்டுவோம், கன்னிக்கால் நாட்டுவோம், வெற்றிக்கொடி நாட்டுவோம். இந்தக் கடைசி வழக்குத்தான் என்னை உறுத்துகிறது. வன்னியில் மாறிமாறிக் கொடிகள் நாட்டப்பட்டதைக் கண்ட சனம் இது. போர் முடிந்த பின், நிவாரணச் சாமானோடு சபை அழைப்பும் வந்தது என்ற மனவருத்தத்தைச் சைவ அயலவர்கள் என்னிடம் நேரே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ‘உங்கள் ஊரில் சபை நாட்டப் போகிறோம்’ என்று சொன்னால் அவர்கள் காதில் விழுவது கன்று அல்ல, கொடி.

சரி, ‘நடுதல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? பவுலின் சொல்லும் அதுதானே. மொழிப்படி குறை இல்லை. ஆனால் வயலில் நடுவது நாற்று. ‘நாறு’ என்றால் முளைத்தல், முளைத்தது நாற்று. அதாவது வேறொரு நாற்றுமேடையில் முளைத்து வளர்ந்ததைப் பிடுங்கிக் கொண்டுவந்து இங்கே வைக்கிறோம். எங்கோ வளர்ந்த பாட்டு, எங்கோ வளர்ந்த வழிபாட்டு முறை, எங்கோ அச்சடித்த பெயர்ப்பலகை எல்லாம் அப்படியே வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வன்னியில் காலபோக (மாரிப் பருவ) நெல்லைப் பெரும்பாலும் விதைப்பதுதான் வழக்கம், நாற்று நடுவது குறைவு. இந்த மண்ணிலேயே முளைப்பதைத்தான் இங்குள்ளவர்கள் அதிகம் பழகியிருக்கிறார்கள்.

அப்புறம், சபை வெளியிலிருந்து வருகிறவரால்தான் உண்டாகும் என்ற எண்ணத்தையே வன்னியின் பழைய கதை மறுக்கிறது. 1670 அளவில், கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்க் குடியேறின. அந்த இடம்தான் மருதமடு, இன்றைய மடுத் திருத்தலம். அவர்களை யாரும் அனுப்பவில்லை. பாய், சட்டி, பிள்ளைகளோடு தங்கள் சபையையும் சுமந்துகொண்டு போனார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, ஏறக்குறைய 30 ஆண்டு குருக்கள் இல்லாமலே செபமாலையைக் கைவிடாத மக்கள் இருந்தார்கள். பவுலின் கணக்கில் பார்த்தால் அவர் செய்தது நடுகை அல்ல, நீர்ப்பாய்ச்சல். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஆகஸ்டில் திரும்பியது. வன்னிச் சனத்தைப் போலவே மாதாவும் இடம்பெயர்ந்தவள் என்று சொல்லும்போது பலருக்குக் கண் கலங்கும். எனக்கும்தான்.

புரட்டஸ்தாந்து பக்கத்திலும் இதே கேள்வி வெகுகாலத்துக்கு முன்பே எழுந்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனை அனுப்பிய தலைமைச் சங்கத்துக்குப் பின்னாளில் செயலாளராக இருந்தவர் ரூபஸ் அன்டர்சன். உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆளவும், தன்னைத் தானே தாங்கவும், தானாகவே பரவவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1855இல் அவர் இங்கு வந்துபோனதோடு அந்த மிஷன் நடத்திய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சபையை வளர்க்கவில்லை என்பது அவர் வாதம். மூடியது பெரும் இழப்பு என்றே நான் நினைக்கிறேன். கொள்கை மட்டும் சரி. வெளிநாட்டுக் காசு நின்ற மாதமே ஆராதனையும் நின்றுபோனால், அங்கே வேர் இருந்ததாகச் சொல்ல முடியாது.

‘மிஷன்’, ‘மறைபரப்பு’, ‘சுவிசேஷ ஊழியம்’ என்பவற்றை இதோடு குழப்பக்கூடாது. மிஷன் லத்தீனில் ‘அனுப்புதல்’. தூது என்ற நம் பழஞ்சொல்லுக்கு நெருக்கமானது. அது புறப்படுவதைச் சொல்கிறது. நாம் தேடும் சொல் தங்குவதைச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா கையில் கொடுத்த சொல்லுக்கே வருகிறேன். கச்சானும் மரவள்ளியும் ‘ஊன்றுவது’. குனிந்து, குழி செய்து, விதையையோ தடியையோ வைத்து, மண்ணால் மூடும் வேலை. அதே வினை காலூன்று, வேரூன்று, ஊன்றுகோல், மனமூன்றி என்றெல்லாம் கிளைவிடுகிறது. நடுதல், அழுத்தமாகக் கால் பதித்தல், தாங்கி நிற்றல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. லத்தீன் ‘பிளாந்தா’ கன்றையும் உள்ளங்காலையும் சேர்த்துச் சொன்னதை நம்மூர்த் தோட்டச்சொல் தானாகவே சொல்லிவிடுகிறது. கட்சிகள் ‘காலூன்றப் பார்க்கின்றன’ என்ற வழக்கும் உண்டுதான். கொடியின் நிழல் முழுக்க விலகவில்லை. ஆனாலும் ‘ஊன்று’ என்றதும் வன்னியில் முதலில் நினைவுக்கு வருவது தோட்டமே.

ஆகவே நான் இப்போது ‘சபை ஊன்றுதல்’ என்று மொழிபெயர்க்கிறேன். விளைவைச் சொல்லும்போது ‘சபை வேரூன்றியது’. இங்கே சபையே எழுவாய், செய்தவர் பெயர் தேவையில்லை. ஆளைக் குறிக்க ‘ஊழியர்’ போதும். ‘சபை ஊன்றுநர்’ என்று ஒரு பதவிப்பெயர் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சில் ‘ஊண்டுறது’ என்று வந்தால் திருத்த வேண்டாம். எழுத்தில் மட்டும் ‘ஊன்று’ என்று எழுதுங்கள்.